புட்டியின் மேலுள்ள எழுத்து



நமது வீடுகளில் வாசிக்கப்படாமலே கிடக்கும் எழுத்து ஒன்று உண்டு. அது புத்தக அலமாரியில் இல்லை. சமையலறைப் பரணிலும், குளியலறை ஜன்னலோரத்திலும், மாட்டுக் கொட்டகையின் மூலையிலும் இருக்கிறது. மருந்துப் புட்டி, பினாயில் புட்டி, கொசு மருந்து, பயிருக்கு அடிக்கும் மருந்து, சிகரெட்டுப் பெட்டி, குழந்தைக்குக் கரைக்கும் பால் மாவு டப்பா ஆகிய இவற்றின் மேல் அச்சிட்டிருக்கும் எச்சரிக்கையைத்தான் சொல்லுகிறேன். பொருளைக் காசு கொடுத்து வாங்குகிறோம். அதோடு இனாமாக வரும் எழுத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

“அதனால் என்ன பிரயோஜனம், சுவாமி? சிகரெட்டுப் பெட்டியில் அவ்வளவு பெரிய படம் போட்டும் குடிக்கிறவன் குடித்துக்கொண்டுதானே இருக்கிறான்?” என்று அநேகர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். இதற்கு ஒரேயடியாக ஆம் என்றோ இல்லை என்றோ சொல்வது சரியாகாது. பகுத்துப் பார்க்க வேண்டும். எச்சரிக்கையானது பொருளைக் கையாளுகிறவனுடைய கண்ணில் பட வேண்டும். கையாளும் அந்த நேரத்திலேயே பட வேண்டும். அவனால் செய்யக்கூடிய ஒரு காரியத்தை அவனுக்குச் சொல்ல வேண்டும். இம்மூன்றும் கூடினால் அந்த எழுத்து உயிரைக் காக்கும். ஒன்று குறைந்தாலும் அது வெறும் மைதான். இதில் கவனிக்க வேண்டியது என்னவெனில், பல சமயங்களில் அதைக் குறைத்துவிடுகிறவர்கள் கம்பெனிக்காரரும் அல்ல, சர்க்காரும் அல்ல, நாமேதான்.

முதலில் பூச்சி மருந்தை எடுத்துக்கொள்வோம். 1958-ம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அப்போதைய சென்னை ராஜ்யத்திலும் ஜனங்கள் சாப்பிட்ட உணவினாலேயே மயங்கி விழுந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். காரணம் என்னவென்று ஆராய்ந்தபோது, பாரத்தியான் என்னும் பூச்சி மருந்தும் உணவுப் பொருளும் ஒரே கப்பலில் ஏற்றி வரப்பட்டிருந்தன. மருந்து கசிந்து கோதுமை மாவில் கலந்திருந்தது. சாப்பிட்டவர்கள் ஒரு தவறும் செய்யவில்லை. அவர்கள் கைக்கு வந்த மாவில் எவ்வித அடையாளமும் இல்லை. விசாரிப்பதற்கு நீதிபதி ஷா தலைமையில் மத்திய சர்க்கார் ஒரு கமிஷனை நியமித்தது. அதன் பின்னரே 1968-ல் பூச்சி மருந்துச் சட்டமும், 1971-ல் அதற்கான விதிகளும் பிறந்தன. இன்று உரக்கடையில் நீங்கள் வாங்கும் ஒவ்வொரு மருந்துப் புட்டியிலும் ஒட்டியிருக்கிற லேபிள் அந்த விதிகளின்படி ஒட்டப்பட்டது. அதற்குப் பின்னால் அத்தனை பிரேதங்கள் உண்டு என்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்த லேபிளில் ஒரு சதுரத்தை மூலையில் நிறுத்தி வைத்தாற்போன்ற சின்னம் ஒன்று இருக்கும். அது குறுக்கே இரண்டு முக்கோணங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கீழ்ப் பாதியில் ஒரு நிறம். மேல் பாதியில் எச்சரிக்கைச் சொல். கீழே சிவப்பு நிறம் இருந்தால் அது மிகக் கொடிய விஷம். மேலே மண்டையோடும் குறுக்கெலும்பும் போட்டிருக்கும். மஞ்சள் இருந்தால் கடும் விஷம். இதற்கும் விஷம் என்ற சொல் சிவப்பு எழுத்தில் உண்டு, ஆனால் மண்டையோடு இல்லை. நீலம் இருந்தால் நடுத்தரமான விஷம். அபாயம் என்று எழுதியிருக்கும். பச்சை இருந்தால் விஷம் குறைவு. ஜாக்கிரதை என்று எழுதியிருக்கும். எழுத்து வாசிக்கத் தெரியாத விவசாயக் கூலிக்கும் நிறம் தெரியுமல்லவா? அதற்காகவே இந்த ஏற்பாடு. மிகவும் புத்தியுள்ள ஏற்பாடு என்று சொல்வேன்.

ஆனால் இதிலும் ஒரு தடுமாற்றம் உண்டு. கடையில் வாங்கும் பிஸ்கோத்துப் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் அது சைவம், தாராளமாகச் சாப்பிடலாம் என்று நம் கண் பழகிவிட்டது. அதே பழக்கத்தில் மருந்துப் புட்டியில் பச்சையைக் கண்டவுடன் “இது ஒன்றும் செய்யாது” என்று வெறுங்கையால் கலக்குகிறவர்களும், தெளித்த கையோடு வெற்றிலை போடுகிறவர்களும் இருக்கிறார்கள். பச்சை என்றால் விஷம் இல்லை என்று அர்த்தமல்ல, மற்ற மூன்றைவிடக் குறைவு என்றுதான் அர்த்தம். மண்டையோடு இல்லாததால் மஞ்சளைச் சாதாரணமாக நினைப்பதும் இதே தவறுதான். நிறத்தை வைத்துப் பயத்தை அளக்கலாம், ஆனால் பயமே வேண்டாமென்று எந்த நிறமும் சொல்லுவதில்லை.

சட்டம் செய்ய வேண்டியதை இவ்வளவு தூரம் செய்திருக்கிறது. இனி நாம் செய்வதைப் பார்ப்போம். ஒரு லிட்டர் மருந்து வாங்கிய வீட்டில் பக்கத்து வயல்காரர் வந்து, “அண்ணே, எனக்கு ஒரு கால் லிட்டர் மட்டும் கொடுங்க” என்று கேட்கிறார். எதில் ஊற்றிக் கொடுப்பது? கையில் அகப்பட்ட குளிர்பானப் புட்டியில். அந்த நிமிஷமே சிவப்பு முக்கோணமும் போயிற்று, மண்டையோடும் போயிற்று, மாற்று மருந்து இன்னதென்று எழுதியிருந்த வரியும் போயிற்று. மிஞ்சியது ஆரஞ்சுப் பழப் படம் போட்ட ஒரு புட்டி. நடக்கத் தெரிந்த குழந்தை எழுத்தை வாசிப்பதில்லை. புட்டியின் உருவத்தையே வாசிக்கிறது. “இது நான் குடிக்கும் புட்டி” என்று அது சரியாகவே வாசிக்கிறது. பொய்யான லேபிளை ஒட்டி வைத்தவர்கள் பெரியவர்களாகிய நாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. விஷம் இருந்த டப்பாவைக் கழுவிவிட்டு அதில் எண்ணெயோ, தானியமோ, குடிதண்ணீரோ வைப்பது. 2013-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்திலே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்ட பிள்ளைகளில் 23 பேர் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சி மருந்து இருந்ததாகப் பரிசோதனையில் தெரிந்தது. மருந்து இருந்த பாத்திரத்தில் எண்ணெயை வைத்திருக்கலாம் என்று அப்போது சொல்லப்பட்டது. விஷப் புட்டி எத்தனை முறை கழுவினாலும் விஷப் புட்டிதான். கெட்டியான, அழகான டப்பாவாயிற்றே என்று மனசு கேட்காது. கேட்காவிட்டாலும் பரவாயில்லை, அடியில் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டுவிடுங்கள். பிறகு அதற்கு ஒருவரும் ஆசைப்பட மாட்டார்கள்.

வயல் இல்லாத வீட்டார் இது தங்களுக்கல்ல என்று நினைக்க வேண்டாம். தெருவில் சைக்கிளில் கொண்டுவந்து விற்கும் பினாயிலையும், கக்கூசு கழுவும் ஆசிட்டையும் எதில் வாங்குகிறோம்? பழைய குளிர்பானப் புட்டியிலும் தண்ணீர் புட்டியிலுந்தானே? விலை மலிவு, அதில் குற்றமில்லை. ஆனால் வீடு மந்திரிக்க வருகிற சமயங்களில் நான் கவனிக்கிறேன்: எத்தனையோ வீடுகளில் அந்தப் புட்டி குடிதண்ணீர்ப் புட்டிக்கு நாலு முழத் தூரத்தில் தரையிலேயே நிற்கிறது. மலிவாக வாங்குங்கள், வாங்கியவுடன் மேலே ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, கொட்டை எழுத்தில் “விஷம்” என்று தமிழில் எழுதுங்கள், கழுத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுங்கள், குழந்தைக்கு எட்டாத உயரத்தில், கதவுள்ள அலமாரியில் வையுங்கள். சர்க்கார் ஒட்டாத லேபிளை வீட்டுத் தலைவி ஒட்டினால் அதற்கு மதிப்புக் குறைவில்லை. உள்ளபடியே சொன்னால் மதிப்பு அதிகம்; ஏனென்றால் வீட்டில் எல்லாருக்கும் அது யார் கையெழுத்து என்று தெரியும்.

எச்சரிக்கை எழுத்தால் பயன் விளைந்ததற்கு உதாரணம் கேட்பீர்களானால், ஆஸ்பிரின் மாத்திரையின் கதையைச் சொல்வேன். ஆஸ்திரேலியாவில் ரை என்ற நோயியல் வைத்தியர் 1963-ல் ஒரு விசித்திரமான வியாதியை விவரித்து எழுதினார். விஷக் காய்ச்சலோ சின்னம்மையோ கண்டு, குணமாகி வருகிற குழந்தை திடீரென்று ஓயாமல் வாந்தி எடுக்கும், பிதற்றும், மூளை வீங்கும், ஈரல் கெடும், அநேகம் குழந்தைகள் இறந்து போகும். அமெரிக்காவில் இவ்வியாதி கண்ட குழந்தைகளை ஆராய்ந்தபோது, அவர்களில் பெரும்பாலோருக்குக் காய்ச்சலுக்காக ஆஸ்பிரின் கொடுக்கப்பட்டிருந்தது தெரிய வந்தது. தாய் தன் பிள்ளைக்கு அன்போடு கொடுத்த மாத்திரை! 1979-80-ல் மட்டும் அந்நாட்டில் 555 குழந்தைகளுக்கு இவ்வியாதி கண்டதாகப் பதிவாயிற்று. 1980 முதல் சுகாதார இலாகா எச்சரித்து வந்தது. 1982-ல் நாட்டின் தலைமை வைத்திய அதிகாரியும் எச்சரித்தார். எனினும் மாத்திரைப் புட்டியின் மேலேயே எழுத வேண்டும் என்ற கட்டாயம் 1986-ல்தான் வந்தது. 1987-க்குப் பிறகு அடுத்த பத்து ஆண்டுகளில் ஒரு வருஷத்திலும் 36 பேருக்கு மேல் போகவில்லை; 1994 முதல் வருஷத்துக்கு இரண்டு பேருக்கு மேல் இல்லை.

முழுப் புகழையும் லேபிளுக்கே கொடுப்பது நியாயமல்ல. அது ஒட்டப்படுவதற்கு முன்பே வைத்தியர்களும் பத்திரிகைகளும் சொல்லியதால் வியாதி குறையத் தொடங்கியிருந்தது. ஆயினும் பத்திரிகை இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் பொட்டலம் மடிக்கப் போய்விடும். நடுராத்திரியில் பிள்ளையின் உடம்பு அனலாய்க் கொதிக்கும்போது தாயின் கையில் இருப்பது மாத்திரைப் புட்டிதான். அந்தப் புட்டியே அவளிடம் பேசிற்று. “காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு இதைக் கொடாதே” என்ற செய்யக்கூடிய ஒரே காரியத்தைச் சொல்லிற்று; அதற்குப் பதிலாகக் கொடுக்கப் பாரசிட்டமால் இருந்தது. நான் முதலில் சொன்ன மூன்றும் இதில் கூடியிருப்பதைக் காண்பீர்கள்.

நம் ஊரில் அந்தத் தாயின் கைக்கு என்ன வருகிறது? கடையில் அட்டையைக் கத்தரித்து நாலு மாத்திரை ஒரு காகித உறையில் வருகிறது. மாத்திரையின் பெயர் ஒரு துண்டில், காலாவதித் தேதி கடைக்காரரிடம் தங்கிவிட்ட மறு துண்டில். ஆஸ்பிரினும் தெரியாது, பாரசிட்டமாலும் தெரியாது. “காய்ச்சல் மாத்திரை” என்ற ஒரே பெயர்தான். இப்போது மழைக் காலந்தோறும் டெங்குக் காய்ச்சல் வருகிறதே, அதில் ஆஸ்பிரினும் இபுபுரோபனும் இரத்தக் கசிவை அதிகமாக்கும் என்று வைத்தியர்கள் தடுக்கிறார்கள். ஆகவே காய்ச்சல் மாத்திரை என்று கேளாதீர்கள். பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அட்டையில் பெயரும் தேதியும் உள்ள பக்கத்தை விட்டு எதிர்ப் பக்கத்தில் வெட்டித் தரும்படி சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். இன்னும் ஒன்று: சில மாத்திரை அட்டைகளில் ஓரமாக மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அது அலங்காரமல்ல, வைத்தியர் சீட்டு இல்லாமல் வாங்கவோ சாப்பிடவோ கூடாது என்பதற்கு அடையாளம். 2016-ல் மத்திய சர்க்கார் இதைப் பற்றிப் பிரசாரமே செய்தது. போன வருஷத்து இருமலுக்கு எழுதிக் கொடுத்ததில் மீந்துபோன சிவப்புக் கோட்டு மாத்திரையை இந்த வருஷத்து இருமலுக்குப் பக்கத்து வீட்டுக்குத் தருமம் செய்யாதீர்கள்.

இனி, கேட்ட கேள்விக்கு வருவோம். சிகரெட்டுப் பெட்டி எச்சரிக்கை என்ன சாதித்தது? நம் தேசத்தில் 1975-ல் இயற்றிய சட்டத்தின்படி “புகை பிடிப்பது உடல் நலத்திற்குக் கேடு” என்ற ஒரு வரி மூலையில் அச்சிடப்பட்டது. அதிலே கண் போயிற்றோ இல்லையோ, மனசு போகவில்லை. மது நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு என்பதைச் சின்னப் பிள்ளைகளும் பாட்டுப்போல ஒப்பித்தார்களே, அதைப்போல. மனப்பாடமான எழுத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. 2003-ல் புதுச் சட்டம் வந்து, 2009 மே 31 முதல் படம் போட்டார்கள். அப்போது மெல்லும் புகையிலைப் பொட்டலத்தில் தேள் படம் இருந்தது. தேளுக்கும் புகையிலைக்கும் என்ன சம்பந்தமென்று வாங்கியவர்களுக்கு விளங்கவில்லை. 2016 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பெட்டியின் இருபுறமும் நூற்றுக்கு 85 பங்கு இடத்தில் படமும் எச்சரிக்கையும் வந்தன. இந்த விதிகளைக் கர்நாடக ஹைக்கோர்ட்டு 2017 டிசம்பரில் தள்ளியது. 2018 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. வியாபாரிகள் இவ்வளவு பாடுபட்டு எதிர்த்தார்களே, ஒன்றுக்கும் உதவாத படத்தையா எதிர்ப்பார்கள்? இதை நான் வாதமாகச் சொல்லவில்லை. யோசித்துப் பார்க்கச் சொல்லுகிறேன்.

கணக்கும் இருக்கிறது. தேசம் முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில், எச்சரிக்கையைப் பார்த்து விட்டுவிடலாமென்று நினைத்ததாகச் சொன்ன சிகரெட்டுக்காரர்கள் 2009-10-ல் நூற்றுக்கு 38 பேர்; 2016-17-ல் ஏறக்குறைய 62 பேர். அதே காலத்தில் ஏதேனும் ஒரு வகையில் புகையிலை உபயோகிக்கும் பெரியவர்கள் நூற்றுக்கு 34.6-லிருந்து 28.6 ஆகக் குறைந்தார்கள். நினைத்தவரெல்லாம் விட்டுவிடவில்லை என்பது வெளிப்படை. குறைந்ததற்கு விலையேற்றம் முதலிய வேறு காரணங்களும் உண்டு. பழக்கத்துக்கு அடிமையானவனுக்குப் படம் பயத்தைக் கொடுக்கும், வழியைக் கொடாது. ஆகையினாலே 2018 செப்டம்பர் முதல் பெட்டியின் மேல் 1800-11-2356 என்ற டெலிபோன் எண்ணையும் அச்சிட்டார்கள். விட விரும்புகிறவர் காசில்லாமல் அதில் பேசி யோசனை கேட்கலாம். இதுவே அந்தப் பெட்டியின் மேல் அச்சான எழுத்துக்களில் மிகவும் பிரயோஜனமானது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் நம் தெரு முனைக் கடையில் நடப்பது வேறு. பையன் பெட்டி வாங்குவதில்லை. ஒரு சிகரெட்டு வாங்குகிறான். பெட்டி கடைக்காரரிடம் இருக்கிறது. படமும் எண்ணும் கடைக்காரருக்கே காட்சி. இதனால்தான் மகாராஷ்டிர மாநிலத்தில் 2020-ல் உதிரி விற்பனையைத் தடுத்தார்கள். கனடா தேசத்தில் 2023-ல் விதி செய்து, ஒவ்வொரு சிகரெட்டின் மேலேயே எச்சரிக்கையை அச்சிடச் சொன்னார்கள். குளிர்பானப் புட்டிக்கு மாறிய மருந்தும், கத்தரித்த மாத்திரையும், உதிரிச் சிகரெட்டும் ஒரே ஜாதி என்பதைக் காண்கிறீர்கள். மூன்றிலும் பொருள் மட்டும் கைக்கு வருகிறது. எழுத்து வேறிடத்தில் தங்கிவிடுகிறது.

பால் மாவு டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் கொழுகொழுவென்ற குழந்தைப் படமோ தாயின் படமோ இல்லாதிருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? 1992-ம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுத்திருக்கிறது. தாய்ப்பாலே குழந்தைக்கு மேலானது என்று டப்பாவிலேயே எழுத வேண்டுமென்றும் கட்டளையிட்டிருக்கிறது. விற்கிறவனே தன் சரக்கின் மேல் இப்படி எழுதியிருக்கும்போது, பிரசவமான மருமகளுக்கு “பால் போதாது, டப்பா வாங்கு” என்று அவசரப்படும் மாமியார்மார் அதை ஒரு தரம் வாசிப்பது நல்லது.

இந்த வாரம் செய்யக்கூடியது ஒன்று சொல்லுகிறேன். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ஒன்றை உட்கார வைத்து, வீட்டிலுள்ள புட்டி, டப்பா யாவற்றையும் வரிசையாக நிறுத்தி, மேலேயுள்ள எழுத்தை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். தாத்தா பாட்டியும் கூட இருக்கட்டும். எழுத்து கடுகளவு இருக்கும்; ஒரே சிறு தாளில் பல மொழிகளைத் திணித்திருப்பார்கள்; பிள்ளையின் கண்ணுக்குத்தான் அகப்படும். பெயர் தெரியாத புட்டி எத்தனை, காலாவதியானது எத்தனை, உணவுப் புட்டியில் விஷம் எத்தனை என்று எண்ணுங்கள். அரை மணி நேர வேலை.

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் ஒரு குழந்தை எதையாவது குடித்துவிட்டால் என்ன செய்வது? உப்புத் தண்ணீரோ புளித் தண்ணீரோ புகட்டாதீர்கள். வாயில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஆசிட்டு மறுபடியும் மேலே வரும்போது தொண்டையை இரண்டாம் முறை வேக வைக்கும். மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். 108-க்குச் சொல்லி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது குழந்தை குடித்த அந்தப் புட்டியை, லேபிளோடு, மூடியை நன்றாக இறுக்கி, கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி “எதைக் குடித்தது, எவ்வளவு குடித்தது?” என்பதுதான். அழுது நிற்கும் தாய்க்கு அப்போது நாக்கு எழும்பாது. அவள் கையிலுள்ள லேபிள் மருந்தின் பெயரையும், அதில் அடங்கிய விஷம் இன்னதென்பதையும், மாற்று மருந்து எது என்பதையும் டாக்டருக்குச் சொல்லிவிடும்.